காத்து கருப்பு

எங்கள் பிள்ளையார்பாளையத்தில் யாராவது திடீரென்று பேச்சைக் குறைத்து, சோற்றைக் குறைத்து, தூக்கத்தில் எண்களாக உளற ஆரம்பித்தால், "காத்து கருப்பு அடிச்சிருக்கும்" என்று வேப்பிலை அடிக்கக் கூட்டிப் போவார்கள். எதிர்வீட்டு அண்ணனுக்கு முதலில் அடித்தது காத்து மட்டும்தான். கருப்பு பின்னால் வந்தது, டயர் ரூபத்தில்.

அவர் பெயரைச் சொல்லிக் காட்டிக்கொடுக்க மாட்டேன். சொல்லியும் பயனில்லை. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் நின்று பாருங்கள். இதே ஆள் இருபது பேராக நின்றுகொண்டிருப்பார். ஒருவர் ஆவடிக்காரர், ஒருவர் ஓசூர்க்காரர், ஒருவர் பல் டாக்டர், ஒருவர் பாத்திரக்கடை முதலாளி. கோப்பை வாங்கியவர் ஒருவரும் இருக்க மாட்டார். ஆனால் எல்லார் கையிலும் காற்றளக்கும் கேஜ் ஒன்று, மூலை மடங்கிய நோட்டு ஒன்று, முகத்தில் 'அரை பி.எஸ்.ஐ. கூடிப்போச்சோ' என்ற கவலை ஒன்று. எங்கள் தெரு எதையும் சுருக்கிக் கூப்பிடும் தெரு. இவருக்குக் 'காத்து' என்று பெயர் வைத்து ஐந்து வருடமாகிறது.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. ஊர் இருக்கிற இடம் அப்படி. அரக்கோணத்தில் எம்.ஆர்.எஃப்., ஒரகடத்தில் அப்பல்லோ, ஶ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஜே.கே. என்று காஞ்சிபுரத்தைச் சுற்றி டயர் வெந்துகொண்டே இருக்கிறது. என் அப்பா காலத்தில் ரேஸ் பார்க்க வேண்டுமென்றால் சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்துக்குப் போக வேண்டும். 1990 முதல் அந்தக் கஷ்டமும் இல்லை. சென்னை பஸ் ஏறினால் வழியிலேயே இருங்காட்டுக்கோட்டையில் இறங்கிக்கொள்ளலாம். 3.7 கிலோமீட்டர், 12 வளைவு. பட்டுக்கும் பெருமாளுக்கும் பேர்போன ஊரில் ஒருவருக்கு டயர்ப் பித்துப் பிடிக்க இதைவிட என்ன ஜாதகப் பொருத்தம் வேண்டும்?

ஒரே ஒரு பொருத்தம்தான் தப்பிவிட்டது. பஞ்சபூதத் தலங்களில் காஞ்சிபுரம் மண்ணுக்கானது. வாயுவுக்கு உரியது காளஹஸ்தி. அண்ணன் ஊர் மாறிப் பிறந்துவிட்டார். வருடத்துக்கு ஒருமுறை காளஹஸ்தி போய்வருகிறார். ராகு கேது பரிகாரம் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறார். எனக்குத் தெரியாதா?

திங்கள் முதல் வெள்ளி வரை ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. அதாவது, அளப்பது. ஞாயிற்றுக்கிழமையாவது அளக்காமல் இருப்பாரா என்றால், அன்று விடியற்காலை நாலு மணிக்கே அளவு ஆரம்பித்துவிடும். "ராத்திரி பூரா சும்மா நின்ன டயர்ல இருக்கறதுதான் தம்பி நெசமான காத்து. நாலு தெரு ஓட்டிட்டா பொய் சொல்ல ஆரம்பிச்சிடும்" என்பார். திண்ணை ஓரம் 150 சிசி பைக். எதிரே குத்துக்காலிட்டு அவர். டார்ச் பிடித்துக்கொண்டு நான். எனக்கு ரேஸ் பற்றி ஒன்றும் தெரியாது. எதிர்வீட்டில் பிறந்த தோஷம், உடன் போகிறேன்.

அவரிடம் மூன்று கேஜ். பேனா மாதிரி ஒன்று, வட்ட முகத்தோடு ஒன்று, பேட்டரி போட்டது ஒன்று. ஒரே டயருக்கு மூன்றும் மூன்று பலன் சொல்லும். பேனா 26 என்னும், வட்டம் 27 என்னும், பேட்டரி 26.4 என்னும். மூன்று ஜோசியரிடம் ஒரே ஜாதகத்தைக் காட்டியவனின் முகம் எப்படி இருக்குமோ அப்படி ஆகிவிடும் அவர் முகம். விவரம் தெரிந்தவர்கள் ஒரு கேஜை மட்டும் வைத்துக்கொள்வார்கள். அது ஒரு எண் கூடக் காட்டினாலும் குறையக் காட்டினாலும் கவலையில்லை. நேற்றும் இன்றும் அதே தப்பைச் செய்தால் போதும், கணக்கு நடக்கும். இது அவருக்கும் தெரியும், எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். ஆனாலும் மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து எழுதிக்கொண்ட பிறகுதான் ஹெல்மெட்டைத் தொடுவார்.

எங்கள் தெருமுனைப் பஞ்சர் கடைக்காரருக்கும் இவருக்கும் ஆகாது. நாற்பது வருடமாகக் காற்று அடிப்பவர். கேஜ் அவரிடமும் உண்டு. ஆணியில் தொங்கும், பல்லி அதன்மேல் குடியிருக்கும். அவர் கட்டைவிரலால் டயரை ஓர் அமுக்கு, குதிகாலால் ஓர் உதை, "போதும்பா" என்று ஹோஸைப் பிடுங்கிவிடுவார்.

"போதும்னா எவ்ளோ?" என்றார் அண்ணன் ஒருநாள்.

"போதும்னா போதும். கல்யாணச் சாப்பாட்டுல இன்னா, அளந்தா போதும்னு சொல்ற?"

அன்றோடு பேச்சுவார்த்தை முறிந்தது. அண்ணன் காலால் மிதிக்கும் பம்பு வாங்கிவிட்டார்.

போகிற வழியில் சுங்குவார்சத்திரத்தில் டீ. காற்றுப் பாடம் அங்கேதான் நடக்கும். டயர் ஓட ஓடச் சூடாகும். சூடாக ஆக உள்ளே அழுத்தம் ஏறும். அதனால் டிராக்கில் கிளம்பும்போது அடிக்கிற எண் முக்கியமில்லை. நாலு சுற்று முடிந்து கொதிக்கக் கொதிக்க வந்து நிற்கும்போது இருக்கிற எண்தான் முக்கியம். குளிர்ந்த டயரில் 26 வைத்துக் கிளம்பி, டயர் 40 டிகிரி சூடேறினால் 31-க்குப் போய்விடும். கிட்டத்தட்ட 8 டிகிரிக்கு ஒரு பி.எஸ்.ஐ. ஆகவே முன்னாலேயே குறைத்து வைக்க வேண்டும்.

"ஏறினா ஏறிட்டுப் போகட்டுமேண்ணா?"

"தொப்பை வெச்சவன் குப்புறப் படுத்தா எது தரையில படும்? தொப்பை மட்டும்தானே? காத்து கூடிப்போன டயரும் அப்படித்தான். நடுவுல மட்டும் ரோட்டைத் தொடும். பிடிப்பு இருக்காது, வளைவுல வழுக்கும்."

"அப்ப நல்லாக் குறைச்சுடலாம்."

"குறைச்சா பழைய பஞ்சு மெத்தை. வண்டியைச் சாய்ச்சா அது யோசிச்சு யோசிச்சுத் திரும்பும். பக்கச் சுவர் நெளிஞ்சு நெளிஞ்சு சூடேறும். கம்பியை இப்படியும் அப்படியும் வளைச்சா சூடாவுதில்ல, அது மாதிரி."

இதைச் சொல்லும்போது அந்த முகத்தில் வருகிற தெளிவைப் பார்க்க வேண்டும். உபதேசம் செய்கிற ஆச்சாரியார் தோற்றார். பெஞ்சில் இருந்த லாரி டிரைவர் ஒருவர் எழுந்துபோய்த் தன் டயரை ஒருமுறை உதைத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

டிராக்கில் என் உத்தியோகம் குடை பிடிப்பது. வைகாசி கருட சேவையில் வரதருக்குக் குடை பிடிக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. நான் பின் டயருக்குக் குடை பிடிக்கிற குடும்பம். வெயில் ஒரு பக்கம் அடித்தால் ஒரு பக்கம் சூடேறி எண் மாறிவிடுமாம். காலை ஏழு மணிக்கு வைத்த காற்று பதினொரு மணி வெயிலுக்கு ஒன்றரை கூடிவிடும். மேகம் வந்தால் இறங்கும். அண்ணன் ஓட்டி முடித்து உள்ளே வந்ததும், இன்ஜின் அணைவதற்குள் நான் கேஜை நீட்ட வேண்டும். ஹெல்மெட்டைக் கழற்றக்கூட நேரமில்லை, டயர் ஆறிவிடும். வால்வை அழுத்திக் காற்றை இறக்குவார். ஸ்ஸ்ஸ். காதைக் கொடுத்துக் கேட்பார். வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியைத் தொடுகிறவர்கள்கூட இவ்வளவு பயபக்தியோடு தொடுவதில்லை.

அப்புறம் நோட்டு. தேதி, மணி, வெயில், முன் டயர், பின் டயர், கிளம்பும்போது, வந்தபோது, சுற்றுக்கு எத்தனை விநாடி. ஐந்து வருடம், ஏழு நோட்டு. அதையெல்லாம் புரட்டிப் பார்த்தவன் என்ற முறையில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். காற்று 24-லிருந்து 32 வரை எல்லா எண்ணிலும் போய் வந்திருக்கிறது. நேரம் மட்டும் 2 நிமிடம் 26 விநாடியில் நட்டு வைத்த கல் மாதிரி நிற்கிறது.

அங்கே ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பையன் ஒருவன் இருக்கிறான். ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "அண்ணா, வளைவு வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே பிரேக் பிடிச்சிடறீங்க. முன் சக்கரத்தைப் பாக்காம, போக வேண்டிய இடத்தைப் பாருங்க."

அண்ணன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். தலையாட்டினார். பையன் போன பிறகு என் காதில் சொன்னார்: "பின்னால அரை கூடிடுச்சு. அதான் அவன் கண்ணுக்கு அப்படித் தெரியுது."

இங்கேதான் இந்த ஜாதியின் சூட்சுமம் இருக்கிறது. பயத்தைக் குறைக்க முடியாது, தொப்பையைக் குறைக்க மனசு வராது, வயதைக் குறைக்க வழியில்லை. காற்றைக் குறைக்கலாம். ஒரு விரல் போதும்.

எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் அவரிடம் மூட்டை மூட்டையாக இருக்கிறது. 2005-ல் இண்டியானாபொலிஸில் ஃபார்முலா ஒன் பந்தயம். மிஷலின் டயர் போட்ட 14 கார்கள், அந்த ஓட்டத்தைத் தாங்காது என்று ஒரு சுற்றோடு உள்ளே திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட 6 கார்கள் மட்டும் ஓடின. நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் நாலாவதாக வந்தார். ஃபார்முலா ஒன்னில் புள்ளி வாங்கிய முதல் இந்தியர் ஆனார். "பாத்தியா? டயர் கொடுத்தது!" என்பார் அண்ணன். ஓட்டியவர் கொடுத்தது என்று ஒன்று இருக்கிறதே என்று நான் கேட்பதில்லை. அவரை விட்டால் ஊருக்குத் திரும்ப எனக்கு வண்டி இல்லை.

2025 மார்ச்சில் தாய்லாந்து மோட்டோஜிபியை அவர் வீட்டில்தான் பார்த்தேன். முதலாவதாகப் போய்க்கொண்டிருந்த மார்க் மார்க்கேஸ் நடுவில் வேகத்தைக் குறைத்துத் தன் தம்பி அலெக்ஸுக்கு வழிவிட்டார். அண்ணனின் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "தம்பி மேல எவ்ளோ பாசம் பாரு. நாம சொத்துல ஒரு அடி விடமாட்டேங்கிறோம்." பாசமில்லை, பி.எஸ்.ஐ. முன் டயர் அழுத்தம் 1.8 பாருக்குக் கீழே, அதாவது சுமார் 26-க்குக் கீழே ஓடினால் தண்டனை. முன்னால் தனியாகப் போனால் எதிர்காற்றில் டயர் ஆறும். இன்னொருவர் பின்னால் ஒட்டிப்போனால் அந்த வண்டியின் சூட்டில் ஏறும். தம்பியின் முதுகில் குளிர்காய்ந்துவிட்டு, கடைசியில் அவரையே முந்தி ஜெயித்தார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நம்ம வீட்டு மாதிரிதான்" என்று எழுந்து போனார்.

இந்தப் பித்து வீட்டையும் விடவில்லை. குக்கரில் விசில் வந்தால், "அதுவும் 15 பி.எஸ்.ஐ.தான்" என்பார். அண்ணி பதில் சொல்வதில்லை. பாத்திரம் வைக்கிற சத்தத்திலேயே பதில் இருக்கும். போன தையில் டாக்டரிடம் போனார். ரத்த அழுத்தம் 140-க்கு 90 என்றார் டாக்டர். அண்ணன் நிதானமாகக் கேட்டார்: "இது கோல்டா, ஹாட்டா சார்? இப்பதான் மாடி ஏறி வந்தேன்."

அவர் நைனாவுக்கு எழுபத்திரண்டு வயது. வீட்டு முன்கட்டில் குழித் தறி, கோர்வைச் சேலை. உடலுக்கு ஒரு பாவு, கரைக்கு ஒரு பாவு. இரண்டின் இழுப்பும் ஒத்துப்போகாவிட்டால் சேருகிற இடத்தில் சேலை சுருங்கிவிடும். முன் டயரும் பின் டயரும் போலத்தான் என்று ஒருநாள் அண்ணனுக்குப் பொறி தட்டியது. ஸ்பிரிங் தராசை எடுத்துக்கொண்டு தறிக்குப் போய்விட்டார்.

"நைனா, பாவுக்கு எவ்ளோ இழுப்பு வெப்பே?"

"அதுக்கு எதுக்குடா தராசு? கையை வெச்சா தெரியாதா? ஐப்பசி மழையில நூல் தொய்யும், சித்திரையில முறுகும். காலைல வெச்ச இழுப்பு மத்தியானத்துக்கு ஆவாது."

அண்ணனுக்கு முகம் மலர்ந்தது. அப்படியே அவருடைய பிரச்சினை! நோட்டைத் திறந்தார். "அதான் கேக்கறேன். சித்திரைக்கு எவ்ளோ, ஐப்பசிக்கு எவ்ளோ?"

"அன்னிக்கு எவ்ளோ வேணுமோ அவ்ளோ."

பேனா மூடிக்கொண்டது. ஐம்பத்தைந்து வருட அனுபவத்தை வைத்துக்கொண்டு இந்த வீட்டில் ஒருத்தர்கூட ஒரு எண் சொல்ல மாட்டேன் என்கிறார்களே என்று என்னிடம் வருத்தப்பட்டார்.

இனி என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். போன ஆவணியில் மூன்று கேஜும் இருந்த பையைச் சுங்குவார்சத்திரத்து டீக்கடை பெஞ்சிலேயே வைத்துவிட்டேன். டிராக்குக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அண்ணன் என்னைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பக்கத்தில் கேட்கலாம் என்றால் மற்றவன் கேஜைத் தொடமாட்டார். அது வேறு ஜோசியர். நேரமாகிவிட்டது, கொடி காட்டிவிட்டார்கள். நான் சும்மா நிற்கக் கூசி, பஞ்சர் கடைக்காரர் செய்வதுபோல் இரண்டு டயரையும் கட்டைவிரலால் அமுக்கி, கொஞ்சம் காற்றை இறக்கி, "போங்கண்ணா" என்றேன்.

அளக்க ஒன்றுமில்லாததால் அவர் அன்று வண்டியை ஓட்டினார்.

2 நிமிடம் 19 விநாடி. ஐந்து வருடத்துக் கல் ஏழு விநாடி நகர்ந்துவிட்டது. கற்றுக்கொடுக்கிற பையன் ஓடிவந்து கட்டிக்கொண்டான். "அண்ணா, இன்னிக்குத்தான் முன் சக்கரத்தைப் பாக்காம ஓட்டினீங்க!" அண்ணன் காதில் அது ஏறவே இல்லை. சிரிக்கவும் இல்லை. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து காஞ்சிபுரம் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. ரோட்டு அளவுக்குக் காற்றைத் திரும்ப ஏற்ற வேண்டுமென்று பம்பை மிதித்தபோதுதான் அந்தக் காற்றும் கலந்துபோய்விட்டதே என்று ஓர் ஏக்கம் முகத்தில் தெரிந்தது. வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்து 2.19 என்று சிவப்பு மையில் எழுதினார். அதற்கு முந்தின கட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். காலி.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்தக் காலிக் கட்டத்தைத் தேடித்தான் போகிறோம். நேரம் மறுபடி 2.26.

முந்தாநாள் ராத்திரி பதினொரு மணிக்குக் கதவைத் தட்டினார். கையில் நோட்டு.

"தம்பி, அன்னிக்கு நீதானே அமுக்கிப் பாத்தே? கண்ணை மூடி யோசிச்சுச் சொல்லு. எவ்ளோ இருந்துச்சு?"

தூக்கக் கலக்கத்தில் உண்மையே வந்துவிட்டது. "போதும்னு இருந்துச்சுண்ணா."

நெடுநேரம் யோசித்தார். நோட்டில் அந்தக் கட்டத்துக்கு நேரே பேனாவைக் கொண்டுபோய், எழுதாமல் நிறுத்தி, என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கோல்டா, ஹாட்டா?"