0.05-க்குள் இறங்குவது எப்படி?

இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிட்டு ஆய்வேடு எழுதுகிறீர்களா? பி வேல்யூ 0.05-க்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறதா? கைடு முகம் கொடுத்துப் பேசுவதில்லையா? கீழ்க்கண்டவற்றைத் தவறாமல் கடைப்பிடியுங்கள்.

1. குழு பிரிக்கும் வேலையை இளகிய மனசுக்காரர்களிடம் கொடுங்கள்.

1930-இல் ஸ்காட்லாந்தின் லானார்க்‌ஷயரில் இதை அருமையாகச் செய்தார்கள். சுமார் 20,000 பள்ளிப் பிள்ளைகள். பாதிப் பேருக்குத் தினமும் பால், மீதிப் பேருக்கு இல்லை. சீட்டுப் போட்டோ அகர வரிசைப்படியோ பிரித்தார்கள். ஒரு பக்கம் நோஞ்சான்கள் அதிகம் சேர்ந்துவிட்டால் ஆளை மாற்றிக்கொள்ளலாம் என்று பள்ளிகளுக்குச் சலுகையும் தந்தார்கள். வாடிய முகத்தைப் பார்த்தால் எந்த ஆசிரியருக்குத்தான் மனசு கேட்கும்? பால் குடிக்காத குழு தொடக்கத்திலேயே உயரத்திலும் எடையிலும் முந்தி நின்றது.

எடை பார்த்ததும் உடுப்போடுதான்: பிப்ரவரியில் ஒரு முறை, ஜூனில் ஒரு முறை. வசதியான வீட்டுப் பிள்ளை ஜூனில் குளிர்கால உடுப்பைக் கழற்றிவிட்டு மெல்லிய சட்டையில் வந்து நிற்கும். ஏழைப் பிள்ளைக்குக் கழற்றக் கனத்த உடுப்பே இருக்காது. கம்பளியின் எடை பாலின் புண்ணியக் கணக்கில் ஏறிவிடும். மறு ஆண்டே 'ஸ்டூடன்ட்' என்பவர் இதையெல்லாம் எழுதிப் போட்டு உடைத்தார்.

2. விடையைப் பார்த்துவிட்டு டெஸ்டைத் தேர்ந்தெடுங்கள்.

டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட்தான் அந்த ஸ்டூடன்ட். டி-டெஸ்டுக்கு அடித்தளம் போட்ட அவரது 1908 கட்டுரையிலேயே உங்களுக்கு உதாரணம் இருக்கிறது. பத்து நோயாளிகள், இரண்டு தூக்க மருந்துகள். ஒன்றில் சராசரியாக 0.75 மணி நேரம் கூடுதல் தூக்கம், மற்றதில் 2.33 மணி.

இரண்டையும் தனித்தனிக் குழுவாகப் போட்டால் பி சுமார் 0.08. போச்சு! பதற வேண்டாம். "இரண்டாவதுதான் ஜெயிக்கும் என்று முதலிலேயே தெரியும்" என்று சொல்லி ஒருமுனைச் சோதனையாக மாற்றுங்கள்: 0.04. ஜோடி சேர்த்துப் போட்டால் 0.003! அதே ஆட்களுக்கே இரண்டு மருந்தையும் கொடுத்ததால் கோசெட் ஜோடி சேர்த்தார். உங்கள் ஆட்கள் வேறு வேறா? வரிசை எண்ணைப் பார்த்துக் கட்டிவையுங்கள், ஜாதகமா பார்க்கப்போகிறார்கள்?

3. இருபது விஷயங்களை அளந்து பாருங்கள்.

உயரம், எடை, தூக்கம், மதிப்பெண் என்று ஒன்றோடொன்று தொடர்பில்லாத இருபதை எடுங்கள். எதிலுமே உண்மையில் வித்தியாசம் இல்லாவிட்டாலும், ஒன்றாவது 0.05-க்குள் விழ 64 சதவீத வாய்ப்பு. விழுந்ததைத் தலைப்பில் வையுங்கள். மீதியைப் பற்றி மூச்சு விடாதீர்கள்.

4. அர்த்தத்தைக் குழப்பி எழுதுங்கள்.

வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொண்டால், உங்களுக்குக் கிடைத்த அளவோ அதைவிடப் பெரிதாகவோ ஒரு வித்தியாசம் தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்பதே பி. ஆனால் பி 0.03 வந்தால், "என் முடிவு சரியாக இருக்க 97 சதவீத வாய்ப்பு" என்று எழுதினால்தான் எடுப்பாக இருக்கும். 0.05-க்கு மேலே போனாலோ "இரண்டும் சமம் என நிரூபணமானது" என்று முடித்துவிடுங்கள். குழுவுக்கு ஆறு பேர்தான் என்பதை அட்டவணையின் அடியில் பொடி எழுத்தில் போடலாம்.

எச்சரிக்கை: குழுக்களைக் குலுக்கிப் பிரித்து, எந்த டெஸ்ட், எதை அளப்பது என்று தரவு வருவதற்கு முன்பே தேதி போட்டு எழுதி வைப்பவர்கள் உண்டு. 0.4 வந்தாலும் அப்படியே அச்சுக்கு அனுப்புவார்கள். உங்கள் வைவாவுக்கு அவர்களில் ஒருவர் வந்து அந்தத் தேதியிட்ட தாளைக் கேட்டால், அதற்கு இந்தக் கையேட்டில் வழி இல்லை.