அடுத்தவர் பிள்ளை

கேள்வி: பஸ் ஸ்டாண்டில் ஒருவர் குழந்தையைப் போட்டு அடிக்கிறார். தட்டிக் கேட்டால், "என் பிள்ளை, நீ யார்?" என்கிறார். என்ன செய்வது?
– வாசகி, திண்டிவனம்

பதில்: பிள்ளை அவருடையதுதான், முதுகு பிள்ளையுடையது!

கேளுங்கள். ஆனால் சண்டையாகக் கேட்காதீர்கள். உங்கள் மேல் வந்த கோபமும் வீட்டுக்குப் போனதும் அந்த முதுகில்தான் இறங்கும். பக்கத்தில் போய், "அண்ணே, பஸ் லேட்டா? பாப்பாவுக்குத் தண்ணி வேணுமா?" என்று பேச்சுக் கொடுங்கள். நாலு பேர் பார்க்கிறார்கள் என்று தெரிந்தாலே ஓங்கிய கை தயங்கும்.

தயங்காவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098. கட்டணமில்லை, 24 மணி நேரமும் எடுப்பார்கள். தன் பொறுப்பிலுள்ள குழந்தையைக் கொடுமைப்படுத்தினால் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆவது பிரிவு 3 ஆண்டுவரை சிறை என்கிறது. பெற்றவருக்கும் விலக்கில்லை.

இந்தப் பக்கத்தைப் புரட்டுமுன் 1098ஐப் போனில் பதிந்துவிடுங்கள், சகோதரி.