பொத்தானில் தோன்றும் மேடு: நெகிரி செம்பிலான் தோட்டப்புறத்தை முன்வைத்து ஒரு முதற்கட்ட ஆய்வு

மெக்கானிக்கல் கீபோர்டுக்கு எந்த டேக்டைல் சுவிட்ச் வாங்குவது என்னும் வினா லாபு, ரந்தாவ், லிங்கி வட்டாரத் தோட்டங்களில் இதுகாறும் முறையாக ஆராயப்படவில்லை. 1907இல் மலாயாவுக்கு வந்து, பின்னாளில் தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கிய ஆர். முத்தையாவை இவ்விடத்தில் குறிப்பிடுவது மரபு. குறிப்பிட்டாயிற்று.

சுவிட்சுகள் மூவகைப்படும். நேரே இறங்குவது பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஓசையிடுவதைப் பலகைச் சுவர் லயத்தில் நள்ளிரவில் தட்டினால் பக்கத்து வீட்டில் இருமல் கேட்கும் (ஆதாரம்: அந்த இருமல்).

விரலில் முட்டும் மூன்றாவதே, அதாவது டேக்டைலே, நம் பொருள். செர்ரி நிறுவனத்தின் பிரவுன் சுவிட்ச் 4 மி.மீ. இறங்கும், 2 மி.மீ.யில் எழுத்து விழும்; அதற்குச் சற்று முன் தண்டிலுள்ள மேடு உலோகத் தகட்டை உரசிக் கடக்கும். கடக்கிறதா? ‘இருக்குது’ என்பது ஒரு சாரார் (தேத்தண்ணிக் கடை, மேசை 2). ‘இருக்குற மாதிரி இருக்குது’ என்பது பாடபேதம் (மேற்படி, ரொட்டி சானாய் வருமுன்). ‘காசு கொடுத்தாச்சு, இருந்துதான் ஆகணும்’ என்பது இடைச்செருகல் (மேற்படி, ரொட்டி சானாய் வந்தபின், பருப்புக்கறி சிந்திய ஏடு, வலது ஓரம் பூனையால் சிதைந்தது). தொல்காப்பியர் காலத்தை ஆயிரம் ஆண்டு முன்பின் நகர்த்தக் கூசாத அறிஞர்களே இந்த அரை மில்லிமீட்டருக்கு அடித்துக்கொள்கிறார்கள்.

அதே செர்ரியின் கிளியர்: மேடு பெரிது, அழுத்தமும் பெரிது. ஹோலி பாண்டா என்னும் கலப்புச் சுவிட்ச்: ஒன்றின் கூட்டில் இன்னொன்றின் தண்டு, ஒட்டுக் கட்டிய கித்தா (ரப்பர்) மரம் போல வேர் ஒருவருடையது, பட்டை இன்னொருவருடையது. மரம் பால் தரும். இது நம்மைக் கறக்கும்.

களஆய்வுக்காகப் பால்மரம் வெட்டி ஓய்ந்த பாட்டி ஒருவரிடம் சுவிட்சுகளை நீட்டினோம். பட்டையைச் சீவும்போது உள்ளே உயிர்த்தோலுக்கு ஏறத்தாழ 1 மி.மீ. மிச்சம் வைக்க வேண்டும். உளி ஆழம் போனால் மரத்துக்குக் காயம், தண்டலிடம் ஏச்சு. மேலோடு போனால் பால் குறையும். அதை அவர் இருட்டு விலகாத நேரத்தில், நெற்றி விளக்கோடு, மரத்துக்கு மரம் செய்தவர். பிரவுனை ஒருமுறை அழுத்தினார், கிளியரை ஒருமுறை.

“இதுல ஒன்னும் தட்டல தம்பி. அதுல தட்டுது. இதுக்கா இவ்ளோ காசு?”

பாட்டியின் கூற்று எந்த ஆய்விதழிலும் வெளிவராததால் சான்றாக ஏற்பதற்கில்லை.

இக்கட்டுரை தோட்ட ஆபீஸில் கழித்துப்போட்ட, அடியில் ரப்பர் குமிழ் வைத்த விசைப்பலகையில் தட்டப்பட்டது. அதுவும் விரலில் முட்டத்தான் செய்கிறது. அக்குமிழ் பெரும்பாலும் சிலிக்கோன் என்பதும், அதற்கும் கித்தாவுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்பதும் தனிக் கட்டுரைக்குரியன. அதற்கு நிதியுதவி கேட்டிருக்கிறோம்.