பெர்லினில் பிரம்மச்சரியம், மிச்சிகனில் முகூர்த்தம்

கணக்குகளுக்கு வம்சவிருத்தி செய்துவைக்கும் தொழில் 1960களில் பல ஊர்களில், ஒருவரையொருவர் கேட்காமலேயே தொடங்கியது. நல்ல விடை தெரியவில்லையா? சுமாரான விடைகளைப் பெருக விடு, தேறாததைக் கழித்துக்கட்டு, மிச்சத்தை டார்வின் பார்த்துக்கொள்வார். எப்படிப் பெருக விடுவது என்பதில்தான் சம்பந்திச் சண்டை.

1964இல் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இங்கோ ரெக்கன்பெர்க், ஐந்து மூட்டுள்ள தகடு ஒன்றைக் காற்றுச் சுரங்கத்தில் நிறுத்தினார். மூட்டுக்கு 51 நிலைகள். ஆக, 34 கோடிக்கும் மேற்பட்ட வடிவங்கள். மூட்டுகளைக் குருட்டாம்போக்கில் கொஞ்சம் திருப்புவது, காற்றின் இழுவை குறைந்தால் புது வடிவத்தை வைத்துக்கொள்வது, இல்லாவிட்டால் பழையதற்கே திரும்புவது. கோணல்மாணலாகத் தொடங்கிய தகடு, கடைசியில் தட்டையாகிப் போனது. இதைப் பள்ளிக்கூடப் பையனே சொல்லியிருப்பான். ஆனால் தகட்டுக்கு யாரும் சொல்லித்தரவில்லையே!

இந்தப் பெர்லின் குடும்பத்தில் கல்யாணமே கிடையாது. ஒரு அப்பா, ஒரு பிள்ளை. பிள்ளை கெட்டிக்காரனென்றால் அப்பாவுக்கு ஓய்வு. மக்கு என்றால், எத்தனை தலைமுறை போனாலும் அப்பாதான் தலைவர். (நம் கட்சிகளுக்குப் புதிதல்ல.) சின்னக் குன்றின் மேல் உட்கார்ந்துகொண்டு இதுதான் இமயம் என்று சாதிக்கும் கிழவர்களை என்ன செய்வது? ஹான்ஸ்-பால் ஷ்வெஃபெல் வழி கண்டார்: பிள்ளைகள் நிறையப் பிறக்கட்டும், அவர்களுக்குள்ளேயே வாரிசைத் தேர்ந்தெடு, அப்பா எத்தனை சூரராயினும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் ஃபோகலும் பிரம்மச்சரியத்தையே பிடித்துக்கொண்டார். மேளச்சத்தம் கேட்டதெல்லாம் மிச்சிகனில், ஜான் ஹாலண்ட் வீட்டில். அங்கே விடை என்பது பூச்சியமும் ஒன்றுமான சரம். இரண்டு சரங்களை வெட்டி, வாலை மாற்றி ஒட்டினால் குழந்தை ரெடி. தகுதிக்கேற்பக் கல்யாண வாய்ப்பு. அதில்தான் வில்லங்கம்: ஒரு சூப்பர் மாப்பிள்ளை ஆரம்பத்திலேயே வந்துவிட்டால், நாலைந்து தலைமுறையில் ஊரே அவன் ஜாடை. அப்புறம் யாரை யாருக்குக் கட்டிவைத்தாலும் பிறப்பது அதே மூஞ்சி. அதை மாற்ற அவ்வப்போது ஒரு பூச்சியம் தவறி ஒன்றாகப் பிறந்தால்தான் உண்டு. போதாததற்கு 1975இல் ஹாலண்டின் மாணவர் கென்னத் டி ஜாங், தலைமுறையின் முதல்வனை அப்படியே அடுத்ததற்கு அனுப்பும் ஏற்பாட்டையும் சோதித்துப் பார்த்தார். பெர்லினில் துரத்தப்பட்ட அப்பா, மிச்சிகனில் மாலையோடு வந்து இறங்கினார்.

1990இல் டார்ட்மண்டில் நடந்த மாநாட்டில் இரு வீட்டாரும் கைகுலுக்கினார்கள். ஐந்தே ஆண்டில் ரெய்னர் ஸ்டார்னும் கென்னத் பிரைஸும் வந்து சம்பிரதாயத்தையே கலைத்தார்கள்: இருவரின் வித்தியாசத்தை மூன்றாமவரோடு கூட்டு, அதை நாலாமவரோடு கல. ஒரு குழந்தை, நாலு பெற்றோர். எந்தப் பதிவாளரும் ஒப்புக்கொள்ளமாட்டார். கணக்கு என்னவோ ஜோராக வருகிறது.