போர்வைக்கு வெளியே நீளும் கால்: சென்னைப் படுக்கையறை வெப்பவியலுக்கு ஒரு முன்னுரை

ஏசி அறையில் தூங்கும் தம்பதியரை இரு மரபினராகப் பகுக்கலாம். முதலாவது, பதினெட்டு மரபு. ரிமோட்டில் 18 வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்பது இவர்களது சித்தாந்தம். இன்வெர்ட்டர் இல்லாத பழைய ஏசியில் கம்ப்ரஸருக்குத் தெரிந்தது ஓடுவதும் நிற்பதும்தான். 18 வைத்தாலும் 24 வைத்தாலும் ஓட்டம் ஒன்றே. ஆனால் சித்தாந்தங்கள் கம்ப்ரஸரைக் கேட்டுப் பிறப்பதில்லை. இரண்டாவது, இருபத்தேழு மரபு. ஈ.பி. பில் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் இதில் அடங்குவர். 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏசிகள் 24-இல்தான் தொடங்கவேண்டும் என மத்திய அரசு விதித்தது. இந்தச் சமரசத் திட்டத்தை இரு தரப்பும் ஏற்கவில்லை.

இயந்திரத்தின் மீதும் முழுப் பழி போடமுடியாது. 1902-இல் வில்லிஸ் கேரியர் இதை வடிவமைத்தது புரூக்ளின் அச்சகம் ஒன்றுக்காக. ஈரக்காற்றில் காகிதம் விரிந்து, வண்ணங்கள் இடம் மாறி அச்சாயின. காகிதங்கள் போர்வைக்குச் சண்டை போடுவதில்லை என்பதால் அங்கே பிரச்சினை எழவில்லை.

இனி உடலியல். தூக்கத்தில் உடலின் உள்வெப்பம் ஏறக்குறைய ஒரு டிகிரி இறங்கும். விடியலுக்குச் சற்று முன்புதான் மிகத் தாழும். அந்த வெப்பம் வெளியேறும் முக்கிய வாசல்கள் கையும் காலும். பாதம் வெதுவெதுப்பாக இருப்பவர்கள் சீக்கிரம் தூங்கிவிடுவதாக 1999-இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். எனவே இரவு பத்து மணிக்குப் பொருத்தமான குளிர் காலை நாலு மணிக்கு அதிகப்படி. ஏதோ ஒரு கட்டத்தில் யாராவது எழுந்து டிகிரியை ஏற்றியே ஆகவேண்டும்.

இங்கேதான் முந்தைய ஆய்வாளர்கள் கவனிக்கத் தவறிய காரணி குறுக்கிடுகிறது: 'பீப்'. தலையணைக்கடியில் துழாவி ரிமோட்டை எடுத்து, வெளிச்சம் தெரியாமல் உள்ளங்கையால் மூடி, ஒரே ஒரு டிகிரி ஏற்றினாலும் சுவரிலிருந்து பீப் என்று சாட்சி சொல்லிவிடும். "என்ன பண்றீங்க?" என்ற கேள்வி உடனே வரும். ஆகவே பதினெட்டு மரபின் ஆட்சியில் இருபத்தேழு மரபினர் கழுத்துவரை இழுத்துப் போர்த்துகிறார்கள். ஆட்சி மாறினால் பதினெட்டு மரபினர் இடதுகாலை வெளியே நீட்டுகிறார்கள். அறையின் மெய்யான தெர்மோஸ்டாட் அந்தக் கால்தான் என்பதே இக்கட்டுரையின் துணிபு. அது சத்தமும் போடாது, கரண்டும் தின்னாது.

நிலாப் படம் போட்ட ஸ்லீப் பொத்தான் மணிக்கு ஒரு டிகிரியாகத் தானே ஏற்றிக்கொள்ளும் என்பது உண்மையே. ஆனால் அதை அழுத்தினாலும் பீப் வரும்.