குழிநோக்கியல்: ராயகிரி மரபு குறித்து ஒரு முன்னாய்வு

ராயகிரியில் அடுக்குமாடி கிடையாது. மேற்குத் தொடர்ச்சி மலை பக்கத்திலேயே நிற்கும்போது உயரத்தில் போட்டி போட எவருக்கும் தோன்றாதது இயல்பே. ஆகவே ஊரின் சிந்தனை கீழ்நோக்கிச் சென்றது. தோட்டத்தில் கிணறு வெட்ட கிரேன் வந்து இறங்கினால் போதும்; சற்று நேரத்தில் மண்மேட்டில் ஒரு கூட்டம் குத்தவைத்துவிடும். வெட்டுபவர், செலவழிப்பவர், பார்ப்பவர் என்ற மூவரில் கடைசியானவரே இவ்வாய்வின் பொருள். அவரை இனி ‘நோக்கர்’ என்போம்.

நோக்கருக்கு முறையியல் உண்டு. மேலே வரும் மண்ணில் ஒரு கட்டியை எடுத்து விரலால் நசுக்க வேண்டும். செம்மண் என்றால் பேச்சில்லை. சரளை என்றால் ஒரு ‘ம்’. சுக்காம்பாறை தட்டினால்தான் வாய் திறக்கும்: “இன்னும் ரெண்டே கெஜம் மாமா, ஊத்து அடிச்சிரும்.” இந்த ரெண்டு கெஜம் ஒரு மாறிலி. இருபதடியிலும் அதுவே, அறுபதடியிலும் அதுவே. கரும்பாறை வந்து, வெடி வைத்து, வேலை நாளுக்கு ஒரு சாண் என்று ஆகும் கட்டத்தில் நோக்கர் தொகை குறைவதில்லை, கூடுகிறது. இது கவனத்துக்குரியது. வேகமாக முடியும் வேலையில் கருத்துச் சொல்ல இடைவெளி ஏது? திருச்செங்கோட்டு போர் வண்டி ராத்திரியோடு ராத்திரியாக நூற்றுக்கணக்கான அடி இறக்கிவிட்டுக் கிளம்பிவிடுகிறது. இத்துறையின் சரிவு அங்கேதான் தொடங்கியது என்பது என் துணிபு.

மேலைநாட்டாரும் இதை உணர்ந்தார்கள், தாமதமாக. 1938இல் நியூயார்க்கில், தம் சொந்த ராக்ஃபெல்லர் சென்டரின் பள்ளத்தை வேடிக்கை பார்த்து நின்ற ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியரை, ஆள் தெரியாத காவலாளி நகரச் சொன்னாராம். விளைவு, வேடிக்கை பார்ப்போருக்கென்று தனி இடம், சங்கம், உறுப்பினர் அட்டை. ராயகிரியில் அட்டை கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் அங்கே யாரும் யாரையும் நகரச் சொல்வதில்லை.

இம்மரபு பிழைப்புக்காகச் சென்னைக்கு வரும்போதுதான் சிக்கல். எல்.ஐ.சி. கட்டடம் 1953இல் தொடங்கி 1959இல் முடிந்தது; அதன் 177 அடி உயரத்தை எழுதாதவர் இல்லை, அடியில் தோண்டிய பள்ளத்தை எழுதியவரைத் தேட வேண்டும். மெட்ரோக்காரர்கள் இன்னும் மோசம். 2023 செப்டம்பரில் மெரினா கலங்கரை விளக்கத்தருகே ஃபிளமிங்கோ என்று பறவைப் பெயர் சூட்டி ஓர் எந்திரத்தை மண்ணுக்குள் அனுப்பினார்கள். அது உள்ளே போனபின் நோக்கருக்கு மிஞ்சியது தடுப்புச் சுவர்.

மிச்சம் அடுக்குமாடிப் பள்ளங்களே. தகரத் தடுப்பின் இடுக்கு வழியே மாதக்கணக்காகப் பார்த்தாலும் ஆழம் கூடியதாகத் தெரியாது. காரணங்கள் உண்டு. சுற்றிலும் காங்கிரீட் சுவர் இறக்காமல் மண்ணை எடுத்தால் பக்கத்து வீடு சரியும். பகலில் லாரிகளுக்குக் கட்டுப்பாடு, மண் இரவில்தான் போகும். ஐப்பசி பிறந்தால் மழை. இவற்றையெல்லாம் நோக்கர் ஏற்கிறார். பாறையைப் பொறுத்தவர் போக்குவரத்துக் காவலரைப் பொறுக்கமாட்டாரா?

அவரால் ஏற்க முடியாதது தண்ணீர். ஊர்க் கோட்பாட்டின்படி ஊற்றுக்கண் திறந்ததும் தேங்காய் உடைத்து, சர்க்கரைப் பொங்கல் தின்று, கலைய வேண்டும். இங்கேயோ பல இடங்களில் சில அடிகளிலேயே தண்ணீர் வந்துவிடுகிறது. வந்த தண்ணீரை இரவுபகலாக மோட்டார் வைத்து மழைநீர் வடிகாலுக்குத் தள்ளுகிறார்கள். மோட்டார் நின்றால் வேலையும் நிற்கும். அங்கே தண்ணீர் வராததால் தாமதம், இங்கே வருவதால்.

ஊரிலிருந்து வந்திருந்த பெரியப்பா முறைக்காரர் ஒருவரை அப்படியொரு பள்ளத்துக்கு அழைத்துப் போனேன். நெடுநேரம் பார்த்தார்.

“தண்ணிதான் வந்துருச்சே, இன்னும் எதுக்குய்யா தோண்டுதாங்க?”

“அடியில மூணு தளம் வருது பெரியப்பா. காரு நிறுத்த.”

மோட்டார்க் குழாயை ஒருதரம் பார்த்தார், என்னை ஒருதரம் பார்த்தார்.

“கெணத்துக்குள்ள காரவா விடப்போறாங்க?”