சாக்கைப் பாத்து சைக்கிள் வாங்கு

நகராத சைக்கிளை எங்க வச்சு மிதிக்கிறது, வீட்டுலயா ஜிம்முலயான்னு ரோசனை பண்ணிக்கிட்டு இருக்கியாமே மாப்ளே, எந்தங்கச்சி சொன்னா. இம்புட்டு ரோசனைக்கே பாதி எடை கொறஞ்சிருக்கும்னு நெனச்சேன். ஆளைப் பாத்தா அப்படித் தெரியலையே!

இது நேத்து வந்த நாகரிகமும் இல்ல. 1912ல முழுகிப் போச்சே டைட்டானிக் கப்பல், அதுலயே ஜிம்மு இருந்துச்சு, நின்ன எடத்துல மிதிக்கிற சைக்கிளும் இருந்துச்சு. மிதிச்ச சீமானுங்க நின்ன எடத்துலயே நின்னாங்க, கப்பல்தான் போய்க்கிட்டு இருந்துச்சு.

வீட்டுல வாங்கிப் போட்டா சௌகரியந்தான். பெட்ரோல் செலவில்ல, மழைக்குப் பயமில்ல, அடுத்தவன் வேர்வையில கை வைக்க வேண்டாம். ஆனா வீட்டுல குக்கர் விசிலடிக்கும், கேஸ்காரன் வந்து நிப்பான், எம் மருமக "சும்மாதானே உக்காந்திருக்கீங்க, இந்தப் பூண்டை உரிங்க"ம்பா. ஆறா வேர்த்து ஊத்துனாலும் சைக்கிள் நகரலேன்னா நம்ம வீட்டாளுங்க கணக்குல அது சும்மா உக்காந்திருக்கறதுதான். ரெண்டு மாசம் போனா, ஆயுத பூஜைக்குச் சந்தனப் பொட்டு வைக்கிறப்ப மட்டும் அதைத் தொடுவ.

ஜிம்மு அப்படியில்ல. காதைப் பொளக்கற பாட்டு, கலர் லைட்டு, முன்னால ஒரு பொடியன் மைக்கை மாட்டிக்கிட்டு "இன்னும் டைட் பண்ணுங்க சார்"னு கத்துவான். வீட்டுல ஒரு சொல்லுக்கும் அசையாத நீ, அவன் சொன்னா டைட் பண்ணுவ. அமெரிக்காவுல நார்மன் டிரிப்லெட்டுன்னு ஒருத்தர் 1898லயே சைக்கிள் பந்தயக் கணக்கையெல்லாம் அலசி, தனியா ஓட்டுறவனைவிடக் கூட ஆளிருந்தா வேகமா ஓட்டுறாங்கன்னு எழுதி வச்சாராம். எம் பேத்தி காலேஜுல படிச்சிட்டு வந்து சொன்னா. பக்கத்து வரப்புல ஆள் நின்னா நம்ம மம்பட்டி ஒரு சாண் கூட எறங்குமே, அதேதான்.

ஆனா ஜிம்முல மெஷினைவிட சந்தாப் புத்தகம்தான் கனம். 2006ல வந்த இன்னொரு ஆராய்ச்சியையும் பேத்தி சொன்னா. அமெரிக்காவுல மாசச் சந்தா கட்டுனவங்க வந்துபோன கணக்கைப் பாத்தா, தடவைக்கு 17 டாலருக்கு மேல விழுந்துச்சாம். பத்துத் தடவைக்கான சீட்டு வாங்கியிருந்தா தடவைக்கு 10 டாலர்தான். வருசத்துக்கும் பணத்தைக் கட்டிட்டு வராம இருக்கற புண்ணியவாந்தான் மாப்ளே, ஜிம்முக்காரனுக்குக் குலதெய்வம்.

நான் வாடகை சைக்கிள் கடை வச்சிருந்தவன். எங்க மிதிச்சாலும் நாலு விசயத்தைக் கேட்டுக்க. குதிகாலைப் பெடல்ல வச்சுக் கீழ எறக்குனா முழங்கால் நேரா நிக்கணும், சீட்டை அந்த ஒசரத்துக்கு வையி. அப்பறம் முன்னங்காலால மிதிக்கிறப்ப முட்டி லேசா மடங்கியிருக்கும். ஜிம்முல உனக்கு முன்னால நெட்டையன் ஒருத்தன் ஓட்டிட்டுப் போயிருப்பான், அப்படியே ஏறிடாத.

கனச் சக்கரம் வச்ச சைக்கிள் பலதுல ஃப்ரீவீல் கெடையாது. நீ காலை நிறுத்துனாலும் பெடல் நிக்காது, பிரேக்கை அமுக்கித்தான் அடக்கணும். ஃபேன் கட்டாயம் வேணும். செலவழியுற சக்தியில கால்வாசிதான் பெடலுக்குப் போகுது, மிச்சமெல்லாம் ஒடம்புச் சூடு. ரோட்டுல எதிர்க்காத்து ஆத்தும், அறைக்குள்ள யாரு ஆத்துவா?

மொத நாளே வீரத்தைக் காட்டாத. பழக்கமில்லாத ஆளு முதல் வகுப்புலயே வெறியா மிதிச்சு, தசை செதைஞ்சு, மூத்திரம் கோலா நெறத்துல போயி, ஆஸ்பத்திரியில படுத்த கதையெல்லாம் டாக்டருங்க எழுதி வச்சிருக்காங்க. வாரத்துக்கு 150 நிமிசமாவது மிதமா ஒழைக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. மிதமான்னா, பேச முடியணும், பாட முடியக் கூடாது. நீ பாடாம இருக்கறது ஊருக்கும் நல்லது.

சரி, வீடா ஜிம்மான்னு கேட்டியே. எடத்தைப் பாக்காத மாப்ளே, உன் சாக்கைப் பாரு. "தூரமா இருக்கு, மழை வருது, டிராஃபிக்கு"ன்னு சொல்ற ஆளா நீ? வீட்டுலயே வாங்கிப் போடு, அந்தச் சாக்கு அன்னைக்கே செத்துரும். "விருந்தாளி வந்துட்டாக, பிள்ளை கூப்புட்டுச்சு"ன்னு எந்திரிச்சு ஓடுற ஆளா? ஜிம்முக்குப் போ, அங்க உன்னை எவனும் கூப்புட மாட்டான். ரெண்டு வகைச் சாக்கும் கைவசம் இருந்தா, பணத்தை உன் அம்மாகிட்டக் குடுத்து வையி.

எந்த ரகம்னு தெரியலேன்னா ஒரு சோதனை இருக்கு. சைக்கிள் வைக்கப் போற அதே எடத்துல, மிதிக்கப் போற அதே நேரத்துக்கு, ஒரு நாற்காலியைப் போட்டு தெனம் அரை மணி நேரம் உக்காரு. செல்போன் கூடாது. ரெண்டு வாரம் விடாம உக்காந்துட்டா கடைக்குப் போயி சைக்கிளுக்கு வெலை கேளு. வெறும் நாற்காலிக்கே வராதவன் பெடலுக்கா வரப் போறான்?

உங்க வீட்டுல தோதான நாற்காலி இல்லேன்னா எங்கிட்ட ஒண்ணு இருக்கு, எடுத்துக்க. ஆனா வாடகை உண்டு. வருசச் சந்தாவா முன்கூட்டியே கட்டிட்டா தள்ளுபடியும் தர்றேன்.